ஈவினிங் ஸ்டார்: மூடப்போற ப்ராடக்டின் கடைசி ரிலீஸ்

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே திருத்தி எழுத்து வடிவில் தந்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

"நாள் முழுக்க கோடு எழுதுறீங்க, வீக்எண்டுல ஸ்கிரீன் பக்கமே போகாம என்ன பண்ணுவீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் ரொம்ப சிம்பிள். பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுவேன். ப்ளேன், கப்பல், கார் எல்லாம் உண்டு. ஆனா இன்னைக்கு பேசப்போறது ஒரே ஒரு நீராவி எஞ்சினைப் பத்தி. பேரு ஈவினிங் ஸ்டார். நம்பர் 92220. பிரிட்டிஷ் ரயில்வேஸ் கட்டின கடைசி நீராவி எஞ்சின்.

இதை ஏன் எபிசோடாவே பண்றேன்னா, இந்த எஞ்சினோட கதைக்கும் நம்ம வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. உங்க டீம்ல யாராவது "இந்த ப்ராடக்டை அடுத்த வருஷம் மூடப்போறோம், ஆனா அதுவரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும்"ன்னு சொல்லியிருந்தா, இந்த எபிசோடு உங்களுக்குத்தான். எங்க டீமுக்கும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல எஞ்சின்.

சாகப்போறதுன்னு தெரிஞ்சே பிறந்த எஞ்சின்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் எல்லாம் அரசுடைமை ஆகின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த மாதிரி எஞ்சின் கட்டிவைத்திருந்தது. இதற்கு ஒரு பொதுவான வடிவமைப்பு வேண்டும் என்று ராபர்ட் ரிடில்ஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. 1951 முதல் 1960 வரை 12 வகைகளில் 999 'ஸ்டாண்டர்ட்' நீராவி எஞ்சின்கள் வந்தன. அதில் கடைசி வகை, பல பேர் பார்வையில் சிறந்த வகை, 9எஃப். கனமான சரக்கு ரயில் இழுக்க வடிவமைத்தது. மொத்தம் 251 எஞ்சின்கள். முதல் எஞ்சின் 1954 ஜனவரியில் வந்தது.

"அமெரிக்காக்காரன் டீசலுக்குப் போயிட்டான், இவங்க ஏன் இன்னும் நீராவி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரிடில்ஸோட கணக்கு இதுதான்: நிலக்கரி நம்ம மண்ணுலயே இருக்கு, எண்ணெய்க்கு வெளிநாட்டுக்கு டாலர் கொடுக்கணும். கடைசியில எப்படியும் மின்சாரத்துக்குத்தான் போகப்போறோம். அதுவரைக்கும் நீராவியே ஓடட்டும்.

ஆனால் 1955-ல் நவீனமயமாக்கல் திட்டம் வந்தது. நீராவியை ஓரங்கட்டி டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவது என்று முடிவானது. 9எஃப் உற்பத்தி தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முடிவு தெரிந்த பிறகும் இன்னும் ஐந்து வருடம் அந்த எஞ்சினைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வரிசையில் கடைசியாக, 1960 மார்ச்சில், ஸ்விண்டன் பட்டறையிலிருந்து வந்ததுதான் 92220. மற்ற 250-ம் கறுப்பு. இதற்கு மட்டும் பச்சை. புகைபோக்கி உச்சியில் செம்புத் தொப்பி. இரண்டும் ஸ்விண்டனின் பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மரபு. பேர் வைக்க ஊழியர் பத்திரிகையில் போட்டி நடத்தினார்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே பேரை எழுதி அனுப்பினார்கள்: ஈவினிங் ஸ்டார். அந்தி வெள்ளி.

சரி, இவ்வளவு அலங்காரம் பண்ணி விட்ட எஞ்சின் எத்தனை வருஷம் ஓடுச்சு தெரியுமா? அஞ்சு. 1965 மார்ச்சுல சேவையில இருந்து எடுத்துட்டாங்க. பல பத்து வருஷம் ஓடணும்னு கணக்கு பண்ணிக் கட்டின வண்டி அது.

பொம்மைக் கம்பெனியோட அச்சு

இப்போ கிட்டுக்கு வருவோம். இன்னைக்கு டாபோல் என்கிற பிரிட்டிஷ் நிறுவனத்தோட பெட்டியில இது கிடைக்குது. ஆனா அதுக்குள்ள இருக்கிற வடிவமைப்பு ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் ரோஸ்பட் என்று ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. நிஜமாவே குழந்தைகள் வெச்சு விளையாடுற பொம்மை செய்றவங்க. அவர்கள் 1959-ல் 'கிட்மாஸ்டர்' என்ற பேரில் ரயில் எஞ்சின் கிட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 1962-ல் அச்சுகளை ஏர்ஃபிக்ஸ் வாங்கியது. 80-களில் டாபோல் கைக்கு வந்தது. மூன்று கம்பெனி மாறியும் வடிவமைப்பு மாறவில்லை. நம்ம பாஷையில சொன்னா, ஓனர் மூணு தடவை மாறின கோட்பேஸ். உள்ளே இருக்கிற லாஜிக் மட்டும் அதேதான்.

வேடிக்கை என்னன்னா, கடைசி எஞ்சின் ஓடிட்டு இருந்த காலத்திலேயே அதோட பொம்மை கடைக்கு வந்துடுச்சு. நிஜ எஞ்சின் அஞ்சு வருஷத்துல ரிட்டயர் ஆச்சு. பொம்மை இன்னும் ஓடுது.

76-ஆல் வகுத்தால் என்ன ஆகும்?

இதோட ஸ்கேல் 1:76. டபுள் ஓ ஸ்கேல்னு சொல்வாங்க. நிஜத்துல ஒரு அடின்னா மாடல்ல 4 மில்லிமீட்டர். டெண்டரோடு சேர்த்து சுமார் 20 மீட்டர் நீளமுள்ள எஞ்சின், மேசையில் சுமார் 26 சென்டிமீட்டர். 5 அடி உயர இயக்குச் சக்கரம், 20 மில்லிமீட்டர். உங்க சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெருசு.

ஆனால் எல்லாமே 76-ஆல் வகுபடாது. நீளம் 76 மடங்கு குறையும்போது பரப்பு 5,776 மடங்கு குறையும். கன அளவு கிட்டத்தட்ட 4 லட்சத்து 39 ஆயிரம் மடங்கு குறையும். அதனால் டெண்டர் இல்லாமல் 88 டன் எடையுள்ள அந்த எஞ்சின், அதே பொருளில் செய்தாலும் இந்த அளவில் 200 கிராம்தான் இருக்கும். ஒரு மொபைல் போனின் எடை. இதே கணக்கில் பெயிண்டையும் பாருங்க. மாடல்ல 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெயிண்ட் அடிச்சா, நிஜ எஞ்சின் மேல 7.6 மில்லிமீட்டருக்குப் பூசினதுக்குச் சமம். அது பெயிண்ட் இல்ல, சிமென்ட் பூச்சு. எதுக்காக மெல்லிசா அடிங்கன்னு சொல்றாங்கன்னு இப்போ புரியுதா?

இன்னொரு சுவாரசியம். நிஜத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். இந்த ஸ்கேலில் கணக்குப் போட்டால் 18.83 மில்லிமீட்டர் வரணும். ஆனா டபுள் ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். ஏன்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:87 ஸ்கேலுக்கு 16.5 சரியான அளவு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் சின்னவை. அதே 1:87-ல் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் உடம்பை மட்டும் 1:76-க்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்னைக்கு ஓடினா போதும்னு போட்ட பேட்ச். இன்னைக்கு வரைக்கும் லட்சக்கணக்கான பேர் வீட்டுத் தண்டவாளம் அதை நம்பித்தான் இருக்கு. யாராலயும் மாத்த முடியல. டெம்பரரி ஃபிக்ஸ்னு எதையாவது மெர்ஜ் பண்ணும்போது இந்த 16.5-ஐ நினைச்சுக்கோங்க.

பத்துச் சக்கரமும் ஒண்ணா சுத்தணும்

கட்ட ஆரம்பிக்கிறதுக்குப் பெரிய செலவு வேணாம். ஒரு நிப்பர், ஒரு கூர்மையான கத்தி, சின்ன அரம், 400, 600 நம்பர் உப்புத்தாள், ட்வீசர், பிளாஸ்டிக் கிட்டுக்கான பாலிஸ்டைரீன் பசை. இந்தப் பசை ஃபெவிக்விக் மாதிரி மேல ஒட்டுறது இல்ல. ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் லேசா கரைச்சு ஒண்ணாக்கிடும். சின்ன அளவுல வெல்டிங். அதனால ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வேலை பாருங்க. வாசனை தலைவலியைக் கொடுக்கும்.

பழைய அச்சில் வார்க்கிற எந்த கிட்டாக இருந்தாலும், பாகத்தின் ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதை 'ஃபிளாஷ்' என்பார்கள். அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் கசிந்தது. அதைச் சீவி, அரத்தால் தேய்த்து, பசை இல்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்து, அதன் பிறகுதான் ஒட்டணும். முதல் ரெண்டு மூணு மணி நேரம் வெறும் சுத்தம் பண்ற வேலைதான். பொறுமை இல்லாதவங்க இங்கேயே விட்டுடுவாங்க.

அடுத்தது அடிச்சட்டம். அங்கேதான் நிஜ விளையாட்டு. 9எஃப்-இன் சக்கர அமைப்பு 2-10-0. முன்னாடி வழிகாட்டும் சக்கரம் ரெண்டு, நடுவில் இயக்குச் சக்கரம் பத்து, பின்னாடி எதுவும் இல்லை. பத்துச் சக்கரம் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வளைவில் எப்படித் திரும்பும்? நடு ஜோடிச் சக்கரத்தைப் பாருங்க, விளிம்பே இருக்காது. தண்டவாளத்தின் உள்பக்கம் பிடித்துக்கொள்ளும் அந்த ஃபிளாஞ்ச் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஜோடிகளுக்கு விளிம்பின் ஆழம் குறைவு. வளைவு வரும்போது நடுச்சக்கரம் தண்டவாளத்தின் மேல் பக்கவாட்டில் சறுக்கிக்கொள்ளும். பாரம் தாங்கும், ஆனால் வழி காட்டாது. நீளமான எஞ்சினை வளைய வைக்க எவ்வளவு எளிமையான விடை பாருங்க.

பிறகு இணைப்புத் தண்டுகள். வலது பக்க க்ராங்கும் இடது பக்க க்ராங்கும் ஒன்றுக்கொன்று கால் சுற்று, அதாவது 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். காரணம் இதுதான். பிஸ்டன் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் அந்த நொடியில், தண்டும் க்ராங்கும் ஒரே கோட்டில் வந்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாது. சைக்கிள் பெடல் நேர் மேலே இருக்கும்போது மிதிச்சுப் பாருங்க, அதே கதை. வலது பக்கம் அந்த நிலையில் மாட்டும்போது, இடது பக்கம் முழு பலத்தில் இருக்கும். அதனால் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் திரும்பக் கிளம்பும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி, ஆக ஒரு சுற்றுக்கு நான்கு வெளியேற்றம். அந்த 'சுக் சுக் சுக் சுக்' நாலு தாளம் அங்கிருந்துதான் வருது.

பசையை ஊசி முனையில் தொட்டு வைக்கணும். ஒரு சொட்டு ஆணிக்குள் இறங்கினால் பத்துச் சக்கரமும் நின்றுவிடும். ஒவ்வொரு தண்டையும் மாட்டியதும் மெதுவாகச் சுற்றிப் பாருங்க. யூனிட் டெஸ்ட் மாதிரி. பத்தையும் மாட்டிட்டுக் கடைசியில சுத்திப் பார்த்தா, எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

குச்சி குச்சியா இருக்கிற மூளை

சக்கரத்துக்கு வெளிப்பக்கம் பல குச்சிகள் ஆடிக்கொண்டிருப்பதை நீராவி எஞ்சின் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் வால்வ் கியர். 9எஃப்-இல் இருப்பது வால்ஷார்ட்ஸ் வால்வ் கியர். 1844-ல் பெல்ஜியத்தின் எகீட் வால்ஷார்ட்ஸ் கண்டுபிடித்தது.

இதன் வேலை, சிலிண்டருக்குள் எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரம் நீராவியை விடுவது என்று தீர்மானிப்பது. இரண்டு இடங்களிலிருந்து அசைவை வாங்குகிறது. ஒன்று, சக்கரத்தில் மாட்டிய சின்ன க்ராங்கிலிருந்து. இன்னொன்று, பிஸ்டன் தண்டின் முனையிலிருந்து. இரண்டையும் கூட்டி ஒரே அசைவாக வால்வுக்குக் கொடுக்கிறது. நடுவில் வளைந்த ஒரு இணைப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு தண்டு மேலும் கீழும் நகரும். ஒரு பக்கம் நகர்ந்தால் வண்டி முன்னே போகும், மறுபக்கம் என்றால் பின்னே. நடுவுக்கு அருகில் வந்தால், நீராவி கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே போய், மீதி தூரத்துக்கு அதுவே விரிந்து தள்ளும். கிளம்பும்போது நீராவி நிறைய, வேகம் எடுத்ததும் சிக்கனம். கியர், ரிவர்ஸ், எரிபொருள் மேலாண்மை மூன்றையும் சில இரும்புக் குச்சிகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வரி கோடு கிடையாது.

புத்தகத்துல படிச்சா இது ஏறாது. என்ஜினீயரிங்ல தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பர் எழுதினவங்ககிட்ட கேளுங்க. ஆனா 2 சென்டிமீட்டர் குச்சியை ட்வீசர்ல பிடிச்சு, "இது எதோட சேரணும்?"னு யோசிக்கிறப்போ தானா புரியும். சென்னையில இருக்கிறவங்க பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்துல உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அங்க நிக்கிற நீராவி எஞ்சின்ல இந்தக் குச்சிகளை ஆள் உயரத்துல பார்க்கலாம்.

மெயின்டனன்ஸ் பண்றவனை நினைச்சவங்க

பாய்லரை ரெண்டு பாதியா ஒட்டணும். நடுக்கோடு தெரியாம உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அதை அடிச்சட்டத்து மேல வெச்சதும் ஒண்ணு கவனிப்பீங்க. பாய்லருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியும். நடைமேடைத் தகடு சக்கரத்தை ஒட்டி இல்லாம, மேல பாய்லர் பக்கவாட்டுல ஒட்டிட்டு இருக்கும்.

அது அழகுக்காகச் செய்தது இல்லை. கீழே இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் தரையில் நின்றபடியே தொட்டு, எண்ணெய் விட்டு, கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்றுதான். சிலிண்டர் இரண்டும் வெளிப்பக்கம். சாம்பல் கொட்டுவதற்கு ஆட்டிவிடும் அடுப்புக் கம்பிகள். புகைப்பெட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு. போருக்குப் பிறகு பிரிட்டனில், கரியிலும் சாம்பலிலும் உழைக்க ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அந்த ஆளின் முதுகு வலியைக் கணக்கில் எடுத்து வரைந்த எஞ்சின் இது. சரக்கு வண்டிக்காகச் செய்தது, 1958-ல் பயணிகள் ரயிலை இழுத்துக்கொண்டு மணிக்கு 90 மைல் வரை ஓடியதும் உண்டு.

கடைசியா பெயிண்ட். உடம்புக்குப் பச்சை, அடிச்சட்டத்துக்குக் கறுப்பு, முன்பக்கத் தடுப்புக் கட்டைக்குச் சிவப்பு, புகைபோக்கித் தொப்பிக்குச் செம்பு. நாலு மெல்லிய கோட், நடுவுல நாள் கணக்குல காய விடுங்க. செம்பு ஒரே ஒரு சொட்டுதான் வேணும். அது விழுற நிமிஷத்துல பிளாஸ்டிக் எஞ்சினாயிடும்.

எங்க டீம் கதை

இப்போ முன்னாடி சொன்ன விஷயத்துக்கு வர்றேன். நான் வேலை பார்க்கிற ப்ராடக்டுக்கு முடிவுத் தேதி குறிச்சாச்சு. புதுசா ஒண்ணு வருது, வேற டீம் பண்றாங்க. நாங்க கடைசி ரிலீஸ் மட்டும் கொடுக்கணும். ஒரு மீட்டிங்ல டீமுக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தர் நேரா கேட்டார்: "அண்ணா, குப்பைக்குப் போகப்போற கோடுக்கு எதுக்கு டெஸ்ட் எழுதணும்? என் ரெஸ்யூமேல இதை என்னன்னு போடுவேன்?"

தப்பான கேள்வியே இல்ல. அவருக்கு 23 வயசு. ஒரு வருஷம்ங்கிறது அவர் கரியர்ல பெரிய பங்கு. "வேலையை நேசி"ன்னு போஸ்டர் வசனம் சொல்லி அவரை மடக்கக் கூடாது.

அதுக்காக ஈவினிங் ஸ்டார் கதையை இனிப்பு தடவிச் சொல்லவும் மாட்டேன். 251 எஞ்சினைக் கட்டி, 1968-க்குள்ள அத்தனையையும் ஓரங்கட்டினது வீண்செலவு. திட்டம் போட்டவங்க மேல இருக்கிற கேள்வி அது. ஆயுளில் பாதிகூட ஓடாத எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போயின. ஸ்விண்டனில் ஆணி அடித்த ஆள் எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும் அந்த முடிவு சரியாகிவிடாது. நல்ல வேலைப்பாடு மோசமான திட்டத்தைக் காப்பாற்றாது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தாலும் எங்கள் ப்ராடக்டும் பிழைக்காது.

அப்புறம் எதுக்கு ஒழுங்கா பண்ணணும்? 1962 செப்டம்பர் 8. சோமர்செட் அண்ட் டோர்செட் பாதையில் பைன்ஸ் எக்ஸ்பிரஸ் கடைசியாக ஓடிய நாள். அதை இழுத்தது ஈவினிங் ஸ்டார்தான். எஞ்சினுக்கும் முடிவு நெருங்கிவிட்டது, அந்தப் பாதையில் ரயிலுக்கும் அன்றோடு முடிவு. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த பயணிக்கு அன்று ஊர் போய்ச் சேரணும். அவருக்கு அது 'மூடப்போற ப்ராடக்ட்' இல்லை, அவர் ஏறியிருக்கிற வண்டி.

இதை வெச்சு நாங்க வேலையை ரெண்டாப் பிரிச்சோம். புது ஃபீச்சர், கோடை அழகுபடுத்துறது, அதெல்லாம் நிறுத்தியாச்சு. கஸ்டமரோட டேட்டா ஒரு வரிகூட விடுபடாம புது சிஸ்டத்துக்குப் போறதுக்கான எக்ஸ்போர்ட், அதுக்கான டெஸ்ட், அப்புறம் எங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விதிமுறைகளை எழுதி வைக்கிறது. இந்த மூணும் முழு தரத்துல. அந்தத் தம்பி எக்ஸ்போர்ட் டூலை எடுத்துக்கிட்டார். ரெஸ்யூமேல போட அது போதும். ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிடணும்ங்கிறதும் அந்த ஒப்பந்தத்துல ஒண்ணு.

நம்ம நாட்டுலயும் இதே மாதிரி பேர்ல ஒரு எஞ்சின் உண்டு. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970-ல் கட்டிய கடைசி அகலப் பாதை நீராவி எஞ்சின், டபிள்யூஜி 10560. பேர் 'அந்திம் சிதாரா'. கடைசி நட்சத்திரம். இரண்டு நாட்டிலும், ஒரு தொழில்நுட்பத்தை மூடும்போது அதைக் கட்டின கைகளுக்கு ஒரு பேரைக் கொடுத்துத்தான் மூடியிருக்கிறார்கள். உங்க ப்ராடக்டை மூடுறப்போ, வேற எதுவும் முடியலைன்னாலும், கடைசி ரிலீஸ் நோட்ல அதைக் கட்டினவங்க பேரைப் போடுங்க. விட்டுட்டுப் போனவங்க பேரையும் சேர்த்து.

ஈவினிங் ஸ்டாரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. தேசிய சேகரிப்பில் சேர்த்துப் பாதுகாத்தார்கள். கட்டிய ஸ்விண்டன் பட்டறை 1986-ல் மூடப்பட்டது. எஞ்சின் இருக்கிறது.

புதுசா கிட் ஒட்ட ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன அட்வைஸ்: முதல் கிட்டே பத்துச் சக்கர எஞ்சினா எடுக்காதீங்க. ஒரு சரக்குப் பெட்டி கிட் வாங்கி கையைப் பழக்குங்க, அப்புறம் இதுக்கு வாங்க. ஒட்டி முடிச்சவங்க போட்டோ அனுப்புங்க, அடுத்த எபிசோடு பக்கத்துல போடுறோம்.